ஒரு இஞ்சு கழித்து

புது ஜன்னலை ஆளுக்கொரு பக்கம் தூக்கிச் சுவரின் ஓட்டைக்குள் வைத்தபோது அது முனகாமல் உள்ளே போய் நின்றது. அளவு தப்பு என்று அப்போதே அவளுக்குப் பட்டது. சரியான அளவில் செய்த ஜன்னல் அவ்வளவு சமர்த்தாகப் போகாது. ஒரு மூலையில் முட்டும், இன்னொரு மூலையில் முரண்டு பிடிக்கும், மேஸ்திரி மரச் சுத்தியலால் நாலு போடு போட்டால்தான் வழிக்கு வரும். இது மாமியார் வீட்டுக்கு வந்த முதல் நாள் மருமகள் மாதிரி சத்தமே இல்லாமல் போய் நின்றது.

மேஸ்திரி வலது ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தார். கட்டை விரலே போனது. இடது ஓரத்திலும் போனது. மேலேயும் அப்படியே. விரல் போன சந்து வழியே பார்த்தால் மூன்று மாடிக்குக் கீழே தெரு தெரிந்தது. ஒரு தள்ளுவண்டிக்காரர் வண்டியைக் கயிறு போட்டுக் கம்பத்தோடு கட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் புயல் காற்று வரும் என்று காலையிலிருந்து ரேடியோ தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தது.

"சுவர் கோணல்," என்றார் மேஸ்திரி.

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்ல முடியாது, இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று அன்றோடு பதினோரு நாள்.

மேஸ்திரி அவள் புருஷன். கதவு ஜன்னல் பொருத்துவது அவர் வேலை. பொருத்தியதைச் சுற்றிச் சந்து அடைப்பது அவள் வேலை. சிலிக்கான் பசையோ பட்டியோ, அவள் கை பட்ட இடத்தில் எறும்பு நுழையாது, அதனால் ஊரில் அவளுக்குப் பசைக்காரி என்றே பெயர். வீடு மேஸ்திரியின் தங்கையுடையது. ஒரே அறை, ஒட்டினாற்போல ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. அந்த நாத்தனார் இப்போது தொட்டில் துணியை மடித்த கையோடு நடுவில் நின்று அண்ணனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னாச்சு அண்ணி? ஏன் ரெண்டு பேரும் நிலைச்சட்டம் மாதிரி நிக்கிறீங்க?"

"உங்க அண்ணனை அளவுப் பலகையைப் பாக்கச் சொல்லும்மா."

"அண்ணா, அண்ணி பலகையைப்…"

"எனக்குக் காது இருக்குன்னு சொல்லு."

பலகை என்பது ஒரு சாண் நீள மரத்துண்டு. அதில் அவள் கையெழுத்தில், பென்சிலில், நாற்பத்தாறுக்கு நாற்பது என்று இருந்தது. மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து, ஜன்னல் செய்துகொடுத்த கடைக்காரரின் சீட்டை எடுத்தார். அதில் நாற்பத்தைந்துக்கு முப்பத்தொன்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வைத்த பிறகு யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை, நாத்தனாரைத் தவிர.

விஷயம் இதுதான். மேஸ்திரியின் டேப்புக்கு நுனியில்லை. பல வருஷம் முன்பு ஒரு கதவுக்கடியில் மாட்டி நுனிக் கொக்கி பிய்ந்துபோக, முதல் இஞ்சைக் கத்தரித்து எறிந்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்து அளந்துகொண்டிருக்கிறார். புதுசு வாங்கச் சொன்னால் கை பழகிவிட்டது என்பார். அந்த டேப்பில் எதை அளந்தாலும் ஒரு இஞ்சு கூடுதலாகக் காட்டும். அளக்கிறவர் அதைக் கழிக்க வேண்டும். கழித்த கையோடு "கழிச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டவர் "சரி" என்று சொல்ல வேண்டும். பதினேழு வருஷமாக எத்தனையோ வீடுகளில் இந்த இரண்டு சொல்லும் ஒலித்திருக்கின்றன. தொழில் தெரிந்தவர்கள் கேலி செய்தார்கள். ஆனால் ஒரு ஜன்னல் தப்பியதில்லை.

போன வாரம் அவள் தனியாக வந்து அளந்தாள், கழித்தாள், எழுதினாள். பேச்சுத்தான் இல்லையே, பலகையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அவர் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அங்கே நின்று இன்னொரு இஞ்சு கழித்தார்.

"சொல்லலேன்னா கழிக்கலைன்னுதானே அர்த்தம்?" மேஸ்திரி தங்கையிடம் கேட்டார். "அவளைக் கேளு. அப்படித்தானா இல்லையா?"

"பதினேழு வருஷத்துல கழிக்காம ஒரு தடவையாவது எழுதி வச்சிருக்கேனா, அதை அவரைக் கேளு."

"கேட்டிருக்கலாமே ஒரு வார்த்தை, அதை நான் கேக்கறேன்," என்றாள் நாத்தனார். மடித்த துணியைக் கட்டிலில் போட்டாள். "மருமகன் இப்பத்தான் போன் பண்ணினான். ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் எழுதிக் குடுத்துட்டாங்களாம், அஞ்சு மணிக்குக் கிளம்பறாங்க. என் பேத்தி, இருபத்தி நாலு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த புள்ள. ரெண்டு கிலோ இன்னும் தொடல. நர்ஸ் வந்து பாத்துட்டு என்ன சொன்னா? பழைய ஜன்னல்ல புறங்கையை வச்சு, இந்தக் காத்துல கொண்டாந்து போட்டீங்கன்னா மறுபடி எங்ககிட்டத்தான் வருவா, அப்ப என்னைக் கேக்காதீங்கன்னு சொன்னா. இப்ப பாருங்க. பழைய ஜன்னலாவது சந்துதான். இது கதவு இல்லாத சத்திரம்."

"பக்கத்து வீட்டுல ஒரு ராத்திரி…"

"அங்க மூணு பேருக்கும் இருமல், அண்ணி."

பழைய ஜன்னல் காலையிலேயே பெயர்ந்துவிட்டது. அடிச்சட்டம் உளுத்து, கடப்பாரை பட்டதும் மாவாய் உதிர்ந்தது, கம்பி வலையும் அதோடு போயிற்று. மறுபடி அதைத் தூக்கி வைக்க வழியில்லை. புயலுக்குப் பயந்து கடைக்காரர் பன்னிரண்டு மணிக்கே கதவை இழுத்துவிட்டார். பிளாஸ்டிக் தாளை ஆணியடித்துப் பார்க்கலாம். மூன்றாவது மாடிக் காற்றுக்கு அது அரை மணி தாங்காது.

மணி ஒன்று ஆகியிருந்தது.

அவள் மாடிப்படித் திருப்பத்துக்குப் போனாள். பழைய சட்டத்தின் துண்டுகள் அங்கே சாய்ந்து கிடந்தன. கீழ்ச்சட்டம்தான் போயிருந்தது. மேல்சட்டமும் பக்கச் சட்டங்களும் நல்ல தேக்கு. பெயின்டைச் சுரண்டினால் உள்ளே தேன் நிறத்தில் கல் மாதிரி இருந்தது. அவள் ஒன்றைத் தூக்கித் திரும்பினாள். பின்னாலேயே மேஸ்திரி ரம்பத்தோடு நின்றார். ஒரே யோசனை இரண்டு பேருக்கும் வந்திருந்தது. அதை ஒப்புக்கொள்ள இருவருக்கும் மனம் வரவில்லை.

சட்டத்தை அரை இஞ்சுப் பட்டைகளாக அறுத்து, புது ஜன்னலின் நாலு பக்கமும் திருகி, ஜன்னலையே பெரிதாக்கிவிட வேண்டும். மிச்சமிருக்கும் இரண்டு நூல், அதாவது கால் இஞ்சு, இடைவெளியைப் பசை பார்த்துக்கொள்ளும். சொல்ல ஒரு வரி. அறுக்க நாலு பட்டை, ஒவ்வொன்றும் மூன்றரை அடி, நாலடி, அதுவும் மரத்துக்குள் ஒளிந்திருக்கும் பழைய ஆணிகளோடு.

அவர் அறுத்தார், அவள் மரத்தின் மறுமுனையில் ஏறி உட்கார்ந்து அழுத்திக்கொண்டாள். ரம்பம் ஆணியில் கிறீச்சிட்டபோதெல்லாம் அவர் நிறுத்தினார், அவள் குறடால் ஆணியைப் பிடுங்கினாள், அவர் மறுபடி அறுத்தார். இதற்கெல்லாம் பேச்சு தேவைப்படவில்லை. அவருடைய பிடரியில் வியர்வையோடு மரத்தூள் ஒட்டியிருந்தது. அவள் அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நேரத்தில் அது ஒரு பக்கம் சாயுமோ என்று இரண்டு மாதமாக அவள் செய்கிற வேலை அதுதான்.

இரண்டு மாதம் முன்பு ஒரு புதுக் கட்டடத்தின் சாரத்தில் நின்று, கீழிருந்து ஏற்றிய ஜன்னலைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று கம்பத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கீழே இருந்து அவள் பார்த்தாள். இறங்கி வந்து "செருப்பு வழுக்கிருச்சு" என்றார். அதற்கப்புறம் குளியலறை வாசலில், பேருந்துப் படியில், ஏணியின் மூன்றாவது கட்டையில். ஒவ்வொரு தடவையும் செருப்பு மேலேயே பழி விழுந்தது. டாக்டரிடம் வரச் சொன்னால் நல்ல செருப்பு வாங்கினால் சரியாகிவிடும் என்றார். கடைசியில் அவள் கான்ட்ராக்டரிடம் போய், "இவரை உசரத்துல ஏத்தாதீங்க, தலை சுத்துது," என்று சொல்லிவிட்டாள். கான்ட்ராக்டர் நல்ல மனுஷன். மறுநாளே அந்த அடுக்குமாடி வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். "ஊரெல்லாம் போய் என்னை நொண்டின்னு சொல்லிட்டு வா," என்றார் மேஸ்திரி. அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது.

தான் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அது அவளை அரித்துக்கொண்டிருந்தது.

நாத்தனார் டீயும் ரொட்டியும் கொண்டுவந்தாள். "இது அண்ணாவுக்கு, இது அண்ணிக்கு. எதுக்கும் ரசீது வேணும்னா சொல்லுங்க, நான்தான் இன்னிக்குத் தபால்காரி."

மேஸ்திரி தன் ரொட்டியைப் பிய்த்து, ஓரத்தை மட்டும் எடுத்துப் பலகையின் மேல் வைத்தார். அவளுக்கு ஓரம்தான் பிடிக்கும். அவள் டீயைக் குடித்துக்கொண்டே அதை எடுத்துத் தின்றாள். தின்று முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மூன்றரை மணிக்கு நாலு பட்டையும் ஏறிவிட்டன. ஜன்னல் இப்போது ஓட்டைக்குள் போக மறுத்தது. இடது மூலையில் முட்டியது, மேஸ்திரி சுத்தியலால் தட்டினார், முறைத்துக்கொண்டு உள்ளே போனது. அந்தச் சத்தம் கேட்டு அவளுக்கு உயிர் வந்தது. அதே நேரம் கரண்டு போனது. பாட்டரி டிரில்லில் இருந்த மிச்ச உயிரில் எட்டு துளையும் போட்டுத் திருகாணி இறக்கினார்கள். எட்டாவது துளையில் டிரில் முக்கி முக்கி நின்றது. கடைசி நாலு சுற்றை அவர் கையாலேயே முறுக்கினார்.

உள்பக்கத்துச் சந்தை அவள் இருபது நிமிஷத்தில் அடைத்தாள். வெளிப்பக்கம் பாக்கி. வெளியே அடைக்காவிட்டால் காற்று மழையை மரத்துக்குள் அடித்து ஏற்றிவிடும். விடிவதற்குள் உள்பசை உரிந்து வரும். சிலிக்கானுக்கு ஒரு குணம், ஈரத்தில் ஒட்டாது. முதல் தூறல் விழுவதற்குள் முடிக்க வேண்டும். மேற்கே வானம் அடுப்புக்கரி பூசியது போல் இருந்தது. தெருவில் ஒரு தகரம் எங்கேயோ கழன்று உருண்டுபோனது.

சாரம் இல்லை. கண்ணாடிக் கதவை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அந்தப் பாதி வழியே இடுப்பு வரை வெளியே சாய்ந்து, கையை வளைத்து நாலு ஓரமும் பூச வேண்டும்.

மேஸ்திரி பசை பிதுக்கும் சிலிக்கான் கன்னை எடுத்தார்.

"வெளிப்பூச்சு நான் பூசறேன்னு சொல்லும்மா," என்றாள் அவள்.

"அவ கைக்கு எட்டாதுன்னு சொல்லு."

"எட்டுதா இல்லையான்னு பாத்துக்கலாம்னு சொல்லு."

"ஏன் அண்ணி? எப்பவும் அண்ணாதானே வெளிய செய்வாரு?" நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். "என்ன விஷயம்?"

வாய் வரைக்கும் வந்தது. மேஸ்திரி கன்னைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், சொல்லித்தான் பாரேன் என்பது மாதிரி. இன்னொரு தடவை, அதுவும் அவருடைய சொந்தத் தங்கையிடம் சொன்னால், பதினோரு நாள் பதினோரு வருஷமாகிவிடும். சொல்லாவிட்டால் மூன்று மாடி.

"ஒண்ணுமில்ல," என்றாள். கேட்டதும் அவர் திரும்பி ஜன்னலில் சாய்ந்தார்.

இடது ஓரம் ஒழுங்காக இறங்கியது. கன் சீராகக் கிளிக் கிளிக் என்றது. அவள் அவருக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், எதையோ எடுக்க வந்தவள் மாதிரி நின்றாள். அடி ஓரத்தின் பாதியில் சத்தம் நின்றது. அவருடைய இடது கை சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்துப்போயின. சாரத்தில் கம்பத்தைக் கட்டிக்கொண்ட அதே கை.

"கன் அடைச்சுக்கிச்சு," என்றார் வெளியிலிருந்து, யாருக்கோ சொல்வது போல.

கன்னின் மூக்கிலிருந்து பசை தாராளமாக வழிந்துகொண்டிருந்தது. அவள் அவருடைய பெல்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அவர் உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்தார். உதடு சாம்பல் பூத்திருந்தது. நாத்தனார் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

அவள் பையிலிருந்து கயிற்றை எடுத்து இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். மறுமுனையை அவர் மடியில் போட்டாள்.

"பிடிச்சுக்கோங்க," என்றாள்.

பதினோரு நாளில் முதல் சொல். சொன்னதை இருவரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"உனக்குப் பழக்கமில்லடி."

"பசை பழக்கம்தான். மூணு மாடிதான் புதுசு."

"நிக்க முடியல எனக்கு. எப்படிப் பிடிப்பேன்?"

"உக்காந்தே பிடிங்க. உக்காந்தவனைத் தலைசுத்தல் தள்ளாது."

அவர் இரண்டு காலையும் ஜன்னலுக்கடியில் சுவரில் உதைத்துக்கொண்டார். கயிற்றைக் கையில் சுற்றினார். ஒரு கையால் அவள் கணுக்காலைப் பிடித்தார். திரும்பி வந்த நாத்தனார் ஒன்றும் கேட்காமல் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு கணுக்காலைப் பிடித்தாள்.

வெளியே தலையை நீட்டியதும் காற்று மூச்சைப் பிடுங்கியது. கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கீழே பார்த்தாள். கட்டிவைத்த தள்ளுவண்டி கம்பத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. இனி கன்னின் மூக்கை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தாள். அவர் விட்ட இடத்தில் வைத்து அழுத்தினாள். அடி ஓரம் முடிந்தது. கண்ணாடிக் கதவை மறுபக்கம் தள்ளி, இடம் மாறி, வலது ஓரத்தில் கீழிருந்து ஏறினாள்.

"எவ்வளவு இருக்கு?" உள்ளேயிருந்து அவர் குரல்.

"ரெண்டு முழம்."

கை மரத்துப்போனது. கன்னை இடது கைக்கு மாற்றினாள்.

"இப்ப?"

"ஒரு முழம்."

"பொய் சொல்லாத. கயிறு இன்னும் இழுக்குது."

"சரி, ஒண்ணரை. சும்மா இருங்க, கை ஆடுது."

சன்ஷேடுக்கு அடியில் மேல் ஓரம். அங்கே கண்ணுக்குத் தெரியவில்லை, விரலால் தடவித்தான் பூச வேண்டும். பூசிக்கொண்டே வந்தாள். புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று கன்னத்தில். கடைசி மூலைக்கு ஒரு சாண் இருந்தது. உடம்பை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளினாள். கணுக்காலில் பிடி இறுகியது, நகம் பதிந்தது. மூக்கை மூலையில் வைத்து அழுத்தி, நடுவிரலால் ஒரே இழுப்பாக இழுத்து வழித்தாள்.

"முடிஞ்சுது," என்றாள். அவர்கள் இழுத்த இழுப்பில் மூன்று பேரும் தரையில் குவியலாக விழுந்தார்கள். கண்ணாடிக் கதவை அவள் காலாலேயே தள்ளிச் சாத்தினாள். பத்து எண்ணுவதற்குள் மழை வெளியிலிருந்து கண்ணாடியில் அறைந்தது.

"என் பேத்தி பேரு வைக்கிறதுக்குள்ள என்னைப் பாடையில ஏத்திருப்பீங்க ரெண்டு பேரும்," என்றாள் நாத்தனார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

குழந்தை ஐந்தே முக்காலுக்கு வந்தது. மழை கொட்ட, மருமகன் குடை பிடிக்க, தாய்க்காரி மூன்று போர்வைக்குள் எதையோ ஒளித்துக் கொண்டுவருவது போல் படியேறி வந்தாள். பிரித்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம். உலகத்தின் மேல் ஏதோ கோபம் இருப்பது போல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தூங்கியது. மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து மேஸ்திரி ஜன்னல் ஓரமாக, இடமிருந்து வலமாக, மெதுவாக நகர்த்தினார். வெளியே காற்று ஊளையிட்டது. சுடர் நிமிர்ந்தே நின்றது. தாய்க்காரி நர்ஸ் வைத்தது போலவே புறங்கையை மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தாள்.

"காத்தே இல்ல மாமா," என்றாள்.

"உங்க மாமிகிட்டச் சொல்லு," என்றார் அவர். பிறகு தானே திரும்பி, "காத்து இல்லயாம்," என்றார் அவளிடம்.

மழை கொஞ்சம் விட்டதும் இருவரும் கிளம்பினார்கள். மருமகன் டார்ச் கொடுத்தான். மேஸ்திரி முன்னால் போனார், ரம்பமும் டிரில்லும் இருந்த பையை அவள் தூக்கிக்கொண்டாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் நின்றார். கை சுவரைத் தேடியது. செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிவார் என்று அவள் எதிர்பார்த்தாள். குனியவில்லை.

"சுத்துது," என்றார்.

அவள் ஒரு படி மேலேயே நின்றாள்.

"அந்தச் சாரத்துக்கு அப்புறம் இது எத்தனையாவது தடவை?"

"மூணு இருக்கும்."

"கழிச்சுச் சொல்றீங்களா, கழிக்காமச் சொல்றீங்களா?"

அவர் டார்ச் வெளிச்சத்தைத் தன் கால் மேலேயே அடித்துக்கொண்டிருந்தார். கீழே, தெருக்கதவு காற்றில் ஒருமுறை அடித்துச் சாத்தியது.

"கழிச்சுத்தான்."

"கழிக்காமச் சொல்லுங்க."

"பதினாலு."

அவள் எண்ணி வைத்திருந்தது ஐந்துதான். மற்ற ஒன்பது தடவையும் அவர் எங்கே, எதைப் பிடித்துக்கொண்டு, தனியாக நின்றாரோ. பையை இறக்கி வைத்துவிட்டு, பசை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த கையால் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் படியில் உட்கார வைத்தாள்.

"சரி," என்றாள்.